காலூன்றும் உயரம்

அரபு மொழியில் 'அனாக' என்றொரு வினைச்சொல் உண்டு. 'ஒட்டகத்தை மண்டியிடச் செய்தான்' என்பது அதன் பொருள். இந்த ஒரு செயலுக்கெனவே ஒரு மொழி தனிச்சொல் வைத்திருக்குமானால், அச்செயல் அம்மக்களின் அன்றாட வாழ்வில் எத்துணை இன்றியமையாததாய் இருந்திருக்கும் என்பதை எளிதில் உணரலாம். ஒட்டகம் மண்டியிடும் இடத்துக்கு 'முனாக்' என்று பெயர். பிற்காலத்தில் அச்சொல் பொருள் விரிந்து, இன்றைய அரபு நாளேடுகளில் தட்பவெப்ப நிலையைக் குறித்து வழங்குகின்றது. நின்ற நிலையில் ஒட்டகத்தின் முதுகு ஆளுயரத்தையும் விஞ்சி நிற்கும். ஆயினும் சிறுவரும் முதியோரும் ஏணியின்றி அதன்மீது ஏறிச் சென்றனர். ஏறுபவரின் அளவுக்கு வாகனமே இறங்கி வந்தது.

குதிரைக்கு அப்பழக்கம் கிடையாது. எனவே அதற்கு அங்கவடி தேவைப்பட்டது. அரபியில் அதனை 'ரிகாப்' என்பர். 'ஏறினான்' என்று பொருள்படும் 'ரகிப' என்னும் வேர்ச்சொல்லிலிருந்தே அதுவும் பிறந்தது. ஒட்டகமாயினும் குதிரையாயினும் ஏறும் வரைதான் இடர்ப்பாடு. ஏறிய பின்னர், பயணத்தில் எங்கு நின்றாலும் அவ்விலங்கு தன் நான்கு கால்களில் தானே நிற்கும். மேலிருப்பவர் தரையைத் தொட வேண்டிய தேவையில்லை. இரு சக்கர வண்டியின் நிலை வேறு. ஓடும்போது அது தானே நிமிர்ந்து செல்கிறது. நின்ற மறுகணமே ஓட்டுபவரின் கால்கள்தாம் அதற்குக் கால்களாகின்றன. அக்கால்கள் தரையை எட்டவில்லையெனில் வண்டிக்கும் நிலையில்லை, ஓட்டுபவருக்கும் நிலையில்லை. 'அவர் அந்த ஊரில் காலூன்றிவிட்டார்' என்று தமிழில் சொல்கின்றோம். நிலைபெறுதலுக்குக் காலூன்றுதலையே உவமையாக்கிய முன்னோர் இவ்வண்டிகளைக் கண்டதில்லை. கண்டிருப்பின் அவ்வுவமை எவ்வளவு நேரானது என்று வியந்திருப்பர்.

நம் புதுவையோ அடிக்கடி நிற்கவேண்டிய ஊர். நூல் பிடித்தாற்போல் நேராக அமைந்த வீதிகள் குறுக்கும் நெடுக்குமாய் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், சில நூறு அடிகளுக்கு ஒரு சந்திப்பு வந்துவிடுகின்றது. நேரு வீதியில் மாலை நேரத்திலும், காந்தி வீதியில் ஞாயிறு சந்தையின்போதும் வண்டியோட்டுபவர் ஓட்டும் நேரத்தினும் நிற்கும் நேரமே மிகுதி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்குப் 'பூஸ்-பூஸ்' என்னும் தள்ளுவண்டி வழங்கியது. அமர்ந்திருப்பவர் முன்னுள்ள தண்டைப் பிடித்துத் திசை திருப்ப, பின்னிருந்து ஓர் ஆள் தள்ளுவார். அதன் பின்னர் சைக்கிள்கள் வந்தன, மொபெட்டுகள் வந்தன. பிரான்சு நாட்டு மோட்டோபெக்கான் நிறுவனத்தின் உரிமம் பெற்றுத் திருப்பதியில் செய்யப்பட்ட சுவேகாவையும், 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 வண்டியையும் நம் தலைமுறையினர் நன்கறிவர். அவை எடை குறைந்தவை; இருக்கை ஒடுக்கமானது; நடுவில் காலெடுத்து வைக்க இடைவெளியும் உண்டு. கால் சற்று வழுக்கினாலும் ஒரு பெண்மணி தம் கையாலேயே வண்டியைத் தாங்கிக்கொள்ள முடியும். மோட்டார் சைக்கிளை அவ்வாறு தாங்க இயலாது. அது நேராய் நிற்கும் வரை சுண்டுவிரலால் பிடித்துக்கொள்ளலாம். சாய்வு கூடக்கூட அதன் பளுவும் கூடும். ஓர் எல்லையைக் கடந்தபின் பயில்வானாலும் நிறுத்த முடியாது. ஆகவே சாயத் தொடங்கும் முன்னரே கால் தரையில் இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நாம் ஆராய நேர்ந்தது நம் தங்கையின் மகள் பொருட்டேயாகும். மதரஸாவில் இலக்கணமும் பாகப்பிரிவினைச் சட்டமும் கற்பித்துவரும் நமக்கு, அதற்கு முன் மோட்டார் சைக்கிளின் உள்ளமைப்போடு யாதொரு தொடர்பும் இருந்ததில்லை.

மைத்துனர் திடீரென மறைந்தார். அவர் விட்டுச் சென்றவற்றுள் ஒரு கனத்த மோட்டார் சைக்கிளும் இருந்தது. அவருடைய பெற்றோர் முன்னரே காலமாகியிருந்தமையால், மனைவி, மகன், மகள் ஆகிய மூவரே வாரிசுகள். சொத்தை 24 பங்காக்கின், மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7 என்பது கணக்கு. அக்கணக்கை நாமே எழுதிக் கொடுத்தோம். வண்டிக்கு விலை மதிக்கப்பட்டு, தாயும் தம்பியும் மனமொப்ப, அது மகளின் பங்கில் சேர்க்கப்பட்டது. பதிவுச் சான்றிதழும் அவள் பெயருக்கு மாறியது. அவள் அரியாங்குப்பத்தில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிபவள். காலை ஆறு மணிக்கு அங்கிருக்க வேண்டும். முல்லா வீதிப் பக்கத்திலிருந்து அந்நேரத்தில் புறப்பட அவளுக்குச் சொந்த வண்டி தேவையாயிருந்தது. ஆறு மாதங்கள் அண்டை வீட்டுச் சிறுவனின் சைக்கிளில் தெருத்தெருவாகப் பழகி, பின்னர் தம்பியின் துணையோடு மோட்டார் சைக்கிளையும் பழகி, ஓட்டுநர் உரிமமும் பெற்றாள்.

அவளுடைய உயரம் 5 அடி. இடுப்பின் கவட்டிலிருந்து குதிகால் வரை 69 சென்டிமீட்டர். வண்டியின் இருக்கையோ தரையிலிருந்து 80 சென்டிமீட்டர். அவளுடைய அத்தா ஆறடிக்குச் சற்றுக் குறைந்தவர். அவருக்கு மிதமாய் இருந்த உயரம் மகளுக்கு மலையாய் இருந்தது.

ஒரு நாள் விடியலில், கடலூர் சாலையிலுள்ள ரயில்வே கேட் மூடியிருந்தது. தண்டவாளத்தை நோக்கிச் சாலை சற்று மேடாக ஏறும் இடம் அது. அவள் நிறுத்தி இடக்கால் விரல்களை ஊன்ற முயன்றபோது, அவ்விடத்தில் ஒரு சிறு பள்ளம். விரல் நுனிக்கும் தரைக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளிதான். அதற்குள் வண்டி சாய்ந்துவிட்டது. அருகில் நின்ற இருவர் ஓடிவந்து தூக்கிவிட்டனர். கணுக்கால் வீங்கி நான்கு நாள்கள் வீட்டிலிருந்தாள். பின்னால் லாரியொன்று வந்திருந்தால் என்னாகியிருக்கும் என்று தங்கை கேட்டபோது, எவரிடமும் விடையில்லை.

வீட்டில் பேச்சுகள் எழுந்தன. மைத்துனரின் தம்பி, பிள்ளைகளுக்குச் சிச்சா முறையானவர், வண்டியை விற்றுவிடச் சொன்னார். மகன் இருக்கையில் சகோதரருக்குப் பங்கில்லை என்பது சட்டம். கருத்துச் சொல்லச் சட்டம் தடையில்லை! "பெண் பிள்ளைக்கு இவ்வளவு கனத்த வண்டி எதற்கு?" என்றார் வேறொருவர். ஒட்டகமேறிய குறைஷிப் பெண்களைப் பற்றி நாம் கிதாபுகளில் படித்திருக்கின்றோம். சவூதி அரேபியாவிலேயே 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் பெண்கள் வாகனமோட்டுகின்றனர். ஆகவே அக்கேள்விக்கு விடை கூறுவது எளிதாயிருந்தது. கடினமானது வேறொன்று. வண்டியைத் தாழ்த்திக் கொள்ளலாம் என்று ஒரு நண்பர் யோசனை கூறியதும், தம்பியின் முகம் வாடியது. "அத்தா வண்டியை வெட்டப் போறீங்களா, மாமா? அதன் கம்பீரமே போயிடுமே!" என்றான். அவன் வருத்தத்தில் நியாயமில்லாமல் இல்லை. தந்தையின் நினைவாக எஞ்சியிருப்பது அவ்வண்டி. அதன் உருவம் மாறுவது அவரையே மீண்டும் இழப்பது போல் அவனுக்குத் தோன்றியது.

அக்காள் அவனுக்குச் சொன்ன பதில் இன்றும் நம் நினைவில் உள்ளது. "அத்தா உயரத்தில் அது நின்னுக்கிட்டே இருந்தா துருப்பிடிக்கும். என் உயரத்துக்கு வந்தா ஓடும். ஓடினாத்தானே அது அத்தா வண்டி!"

தமிழில் 'தாழ்த்துதல்' என்னும் சொல்லுக்கே ஓர் இழிவுப் பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது. தாழ்வு என்றால் குறைவு என்றே செவி கேட்டுப் பழகிவிட்டது. கிணற்றில் வாளியைத் தாழ்த்தாமல் நீர் வராது என்பதை மறந்துவிடுகின்றோம். மண்டியிட்ட ஒட்டகத்தின் கம்பீரம் குறைந்ததாக எந்த அரபுக் கவிஞரும் பாடியதாய் நாம் படித்ததில்லை.

ஆயினும் தாழ்த்துவதிலும் முறையுண்டு. முறை தவறினால் உயரத்தால் நேர்ந்த ஆபத்தைவிடத் தாழ்வால் நேரும் ஆபத்து பெரிதாகும். இதனை நாம் கண்கூடாகவே கண்டோம்.

முதலில் சென்றது நகரின் ஒரு மூலையிலுள்ள பட்டறைக்கு. அவர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்தார். பின்சக்கரத்தின் இருபுறமும் உள்ள ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டு, வேறொரு வண்டிக்குரிய குட்டையான ஷாக் அப்சார்பர்களைப் பூட்டினார். பின்பக்கம் இரண்டு அங்குலம் இறங்கியது. முன்பக்கத்தை அவர் தொடவேயில்லை. தங்கை மகள் அமர்ந்து பார்த்தாள். இரு பாதங்களின் முன்பகுதியும் தரையைத் தொட்டன. எல்லாருக்கும் மகிழ்ச்சி. அம்மகிழ்ச்சி மூன்று நாள்கள் நீடித்தது.

முதல் நாளே, மெதுவாகச் செல்கையில் கைப்பிடி கனத்துத் திரும்ப மறுப்பதாகவும், சற்று வேகமெடுத்தால் முன்சக்கரம் தரையில் பதியாமல் மிதப்பது போலிருப்பதாகவும் அவள் கூறினாள். இரண்டாம் நாள் இரவு, எதிரில் வந்தவர்களெல்லாம் கண் கூசுகிறதென்று சத்தமிட்டனர். விளக்கு வானத்தை நோக்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை, திண்ணையோரம் சைடு ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த வண்டி, காற்றுக்கோ கடந்துபோன லாரியின் அதிர்வுக்கோ, தெருப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. சற்று முன்புதான் பால் கொண்டுவந்த சிறுவன் அவ்விடத்தைக் கடந்து சென்றிருந்தான். வண்டி விழுந்ததைவிட அவ்வெண்ணம்தான் நம்மை அதிகம் நடுங்கச் செய்தது.

இவற்றுக்கெல்லாம் காரணத்தைப் பின்னர் முத்தியால்பேட்டையில் சிறு பட்டறை வைத்திருக்கும் ஒரு முதியவர் விளக்கினார். இளமையில் மொபெட்டுகளில் தொழில் பழகியவர் அவர். வண்டியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பின்னாடி இறக்கினவர் முன்னாடியைப் பார்க்கலை, பாய். ஸ்டாண்டையும் பார்க்கலை" என்றார். பின்னர் ஒரு சுண்ணாம்புக் கட்டியால் தரையிலேயே படம் வரைந்து காட்டினார். பாடம் நடத்துவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, அவர் பாடம் நடத்திய விதம் மிகவும் பிடித்திருந்தது.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் செங்குத்தாய் இருப்பதில்லை, பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கைப்பிடி சுழலும் அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால், அது தரையைத் தொடும் இடம் முன்னாலும், டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னாலும் அமையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை 'டிரெயில்' என்பர். மருத்துவமனைக் கட்டிலின் உருளைச் சக்கரம் எப்பக்கம் தள்ளினாலும் தன் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வந்து நேராகிவிடுவதைக் கண்டிருப்போம். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் தானே நேராக ஓட முற்படுவதற்கும் இதுவே முக்கியக் காரணம். பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் வண்டி முழுதும் பின்னோக்கிச் சாய்கின்றது. ஃபோர்க்கின் சாய்வும் டிரெயிலும் கூடுகின்றன. முன்சக்கரத்தின்மேல் விழும் பளு குறைகின்றது. எனவே கைப்பிடி சோம்பலாகின்றது. முன்பக்கத்தை மட்டும் இறக்கினாலோ நேர்மாறு: டிரெயில் குறைந்து, கைப்பிடி தொட்டாற்சிணுங்கியாகி, வேகத்தில் வண்டி நிலைகொள்ளாது. ஆகவே இரு முனைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் இறங்க வேண்டும் என்பது முதல் விதி.

ஸ்டாண்டின் கதை அதனினும் எளிது. சைடு ஸ்டாண்டின் நீளம், வண்டி இடப்புறம் ஓரளவு சாய்ந்து நிற்கும்படி கணக்கிடப்பட்டது. வண்டி இறங்கி ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருந்தால், வண்டி ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும். சிறு தள்ளலும் அதனை மறுபுறம் வீழ்த்திவிடும். சென்டர் ஸ்டாண்டிலும் தொல்லையுண்டு. இறங்கிய வண்டியை அதன்மீது ஏற்ற முன்னினும் அதிக வலிமை வேண்டும்.

முதியவர் முதற்காரியமாகப் பழைய ஷாக் அப்சார்பர்களை மீண்டும் பூட்டச் செய்தார். பின்னர் அளவெடுத்தார். சக்கரத்தின் அச்சிலிருந்து மேலே ஓர் அடையாளம் வரை, வண்டியைத் தூக்கிப் பிடித்தபோது ஒரு தூரம். தங்கை மகள் ஏறி அமர்ந்தபோது ஒரு தூரம். இரண்டுக்குமுள்ள வேறுபாடுதான் ஸ்பிரிங் அமுங்கும் அளவு. சக்கரத்தின் மொத்த ஏற்ற இறக்க அளவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமுங்குவது பொதுவான கணக்கு. அவள் எடை குறைந்தவளாதலால் ஸ்பிரிங் அத்துணை அமுங்கவில்லை. ஷாக் அப்சார்பரின் அடியிலுள்ள வளையத்தைத் திருப்பி ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தைக் குறைத்தபோது, செலவேதுமின்றி ஒரு சென்டிமீட்டர் இறங்கியது. பின்னால் ஆள் ஏற்றும்போது வளையத்தை மறுபடி இறுக்கிக்கொள்ள வேண்டும், இல்லையெனில் பள்ளத்தில் அடி தட்டும் என்று எச்சரித்தார்.

அடுத்து இருக்கை. நாம் அறியாதிருந்த ஒரு செய்தியை இங்கே கற்றுக்கொண்டோம். இருக்கை எவ்வளவு உயரம் என்று மட்டுமே விளம்பரங்களில் அச்சிடுகின்றனர். எவ்வளவு அகலம் என்று சொல்வதில்லை. அகன்ற இருக்கை தொடைகளை விரித்துவிடுவதால், கால் நேராகக் கீழே வராமல் வளைந்து வரவேண்டியுள்ளது. அதே உயரத்தில் முன்பகுதி ஒடுங்கிய இருக்கையாயின் பாதம் இன்னும் கீழே எட்டும். இருக்கையின் உறையைப் பிரித்து, முன்பகுதியின் ஓரங்களைச் செதுக்கி, மேலிருந்து இரண்டு சென்டிமீட்டர் பஞ்சை நீக்கி, அதற்கீடாகச் சற்றுக் கெட்டியான பஞ்சை வைத்துத் தைத்தனர்.

அதன் பின்னரே சஸ்பென்ஷனில் கைவைத்தார். மூலத்தைவிட ஓர் அங்குலம் குட்டையான, ஆனால் ஸ்பிரிங் சற்று வலுவான ஷாக் அப்சார்பர்கள் பின்னால் பூட்டப்பட்டன. இயக்கத் தூரம் குறையும்போது ஸ்பிரிங் வலுக்க வேண்டும். அன்றேல் ஒவ்வொரு பள்ளத்திலும் முழுதும் அமுங்கி இடிக்கும். முன்னால், ஃபோர்க் குழாய்களைப் பற்றியிருக்கும் கிளாம்ப்புகளின் போல்ட்டுகளைத் தளர்த்தி, குழாய்களை ஏறத்தாழ அதே அளவுக்கு மேலே தள்ளி இறுக்கினார். எல்லா வண்டிகளிலும் இது இயலாது. மேற்பகுதியில் குழாயைத் திருகிப் பூட்டிய பழைய அமைப்புகளில் குழாய் மேலேறாது. பின்னால் ஒற்றை ஷாக் அப்சார்பர் உள்ள சில வண்டிகளில், அதனை இணைக்கும் சிறு இணைப்புக் கம்பிகளை மாற்றியே உயரத்தைக் குறைப்பதுண்டு. எம்முறையாயினும் கடைசிச் சோதனை ஒன்றே: சக்கரம் முழுதும் மேலேறிய நிலையில் டயரோ மட்கார்டோ எங்கும் உரசலாகாது. அவர் பின்சக்கரத்தைத் தூக்கி, முன்பக்கத்தை அழுத்தி, இரண்டையும் பார்த்த பின்னரே தலையசைத்தார். தொடர்ந்து சங்கிலியின் தளர்வைச் சரிசெய்தார். விளக்கைச் சுவரில் அடித்துப் பார்த்துத் திருப்பினார். வேறொரு ஸ்டாண்டை அளந்து வெட்டி வெல்டிங் செய்து பொருத்தினார். சட்டகத்தில் ஓரிடத்திலும் வாள் படவில்லை. கழற்றிய மூலப் பாகங்கள் அனைத்தையும் துடைத்து, ஒரு கோணிப்பையில் கட்டித் தம்பியின் கையில் கொடுத்தார். "உங்க அத்தா வண்டி இதுக்குள்ள இருக்கு, தம்பி. என்னைக்கு வேணும்னாலும் திரும்பப் பூட்டிக்கலாம்" என்றார். அவன் அதனைப் பரண்மீது வைத்தான். அதன் பின்னர் அவன் அதுபற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

யாவும் சேர்ந்து ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இறங்கியது. தடித்த அடியுள்ள காலணியோடு, அவளுடைய இரு பாதங்களின் முன்பாதி தரையில் படிகின்றது. ஒருபுறம் சற்று நகர்ந்தால் ஒரு பாதம் முழுதும் ஊன்றுகின்றது. அதற்குமேல் வேண்டா என்று முதியவர் நிறுத்திக்கொண்டார். இரு பாதங்களும் முழுதும் படிய வேண்டுமென்று பேராசைப்பட்டால் வண்டி வண்டியாயிராது என்பது அவர் கருத்து.

தாழ்வுக்குரிய விலையையும் சொல்லியாக வேண்டும். வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்குமுள்ள இடைவெளி குறைந்துவிட்டது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், அத்தகைய வேகத்தடையை அவள் வண்டி தொல்லையின்றிக் கடக்கின்றது. ஆனால் தெருவாசிகள் தாமே எழுப்பும் ஒடுங்கிய, செங்குத்தான மேடுகளில் அடிப்பாகம் உரசக் கூடும். அவற்றைச் சாய்வாக, மெல்லக் கடக்கப் பழகியிருக்கின்றாள். வளைவில் சாய்கையில் காலடிக் கட்டை முன்னினும் விரைவில் தரையைத் தொடும். ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவள் வேகங்காட்டுவதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுவையருகே கரை கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேலான மழையைக் கொட்டி வீதிகளை ஆறுகளாக்கியபோது, வண்டியை வெளியே எடுக்கவேயில்லை. நீருக்கடியில் பள்ளமெது மேடெது என்று தெரியாத இடத்தில், கால் எட்டுவதாலும் பயனில்லை.

சட்டத்தையும் நோக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களினின்று வேறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்கின்றது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்கென வாகனத்தைத் தகவமைக்க, பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு அப்பிரிவு இடமளிக்கின்றது. ஆகவே சஸ்பென்ஷனைத் தொடுமுன் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது அறிவுடைமை. இருக்கையும் முன்னழுத்தமும் தயாரிப்பாளர் தரும் பாகங்களும் போதுமாயின் அத்தோடு நிறுத்திக்கொள்வது அதனினும் நன்று.

உண்மையில் இத்தொல்லையின் வேர் பட்டறையில் இல்லை. வண்டியை வரையும் மேசையில் இருக்கின்றது. எவருடைய கால்களை அளந்து இவ்வுயரத்தை நிச்சயித்தனர்? நம் தங்கை மகளைப் போன்றோர் கால்களை அன்று. வேண்டுமென்று எண்ணினால் அவர்களால் இயலும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் கிளாசிக் 350 வண்டியின் இருக்கை 805 மில்லிமீட்டர். அதே வகை என்ஜின் கொண்ட மீட்டியார் 350 வண்டியில் 765 மில்லிமீட்டர். 2023இல் வந்த ஹிமாலயன் 450 வண்டியின் இருக்கையை 825, 845 என இரு உயரங்களில் வைத்துக்கொள்ளலாம். தனியே வாங்கும் தாழ்ந்த இருக்கையால் 805 ஆகவும் குறைக்கலாம். டிரையம்ஃப், பி.எம்.டபிள்யூ. போன்ற அயல்நாட்டு நிறுவனங்கள் சில வண்டிகளைத் தாழ்ந்த சஸ்பென்ஷனோடு தாமே செய்து விற்கின்றன. 2021இல் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் வெளியிட்ட பேன் அமெரிக்கா ஸ்பெஷல் என்னும் வண்டியில் ஒரு புதுமை உண்டு. நிற்கப் போகும்போது அது தானே தாழ்கின்றது. புறப்பட்டதும் தானே உயர்கின்றது. பாலைவனத்தில் 'அனாக' என்ற சொல்லுக்குள் அடங்கிய பாடத்தை இரும்பும் கற்றுக்கொண்டது என்று நாம் மாணவர்களிடம் சொல்லிச் சிரித்தோம். அதன் விலையைச் சொன்னபோது அவர்கள் சிரிக்கவில்லை.

விலையுயர்ந்த வண்டிகளுக்குக் கிட்டியிருக்கும் இவ்வசதி எளியோரின் வண்டிகளுக்கும் வரும் நாள் வரை, குடும்பத்தினர் கவனிக்கத்தக்க சில உள. வீட்டுப் பெண்ணுக்கோ, உயரம் குறைந்த பிள்ளைக்கோ வண்டி வாங்கும்போது, கடையில் அவர்களையே ஏற்றி அமர்த்திப் பார்க்க வேண்டும்; நாள்தோறும் அணியும் உடையோடும் காலணியோடும் பார்க்க வேண்டும். சமதளத்தில் மட்டுமின்றிச் சற்றுச் சரிவான இடத்திலும் நிறுத்திப் பார்க்க வேண்டும். எட்டவில்லையெனில் முதலில் இருக்கையின் அகலத்தையும், பின்னர் பஞ்சையும், அதன் பின்னர் முன்னழுத்தத்தையும் நோக்க வேண்டும்; சஸ்பென்ஷன் கடைசி. அங்கேயும் பின்னை மட்டும் தொட்டு முன்னை விட்டுவிடுபவரிடம் வண்டியை ஒப்படைக்கலாகாது. "ஸ்டாண்டை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாலே போதும், பதில் சொல்லத் தெரிந்தவர் தொழில் தெரிந்தவர். எல்லாவற்றுக்கும் மேலாக, கால் எட்டாத பிள்ளையைப் பார்த்து, 'உனக்கு இது ஆகாது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், அளவுகோலைக் கையிலெடுக்க வேண்டும். பல நேரங்களில் குறைவது சில சென்டிமீட்டர்களாகவே இருக்கும்.